அப்பாவின் எண்ணெய்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். இதில் வரும் பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதையுங்கோ மாஸ்டர், மற்றதெல்லாம் எழுதுங்கோ" என்றார். அதனால் அவரை இங்கே ஐயா என்றே சொல்கிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

இன்னொரு விளக்கமும் தேவை. எங்கள் வீடுகளில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த தமிழ் நண்பர்கள் இதில் எப்போதும் குழம்புவார்கள். "உன்ர அப்பா மௌத்தாகிட்டார் எண்டாய், பிறகு ஆர் போனில கதைச்சது?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்தப் பதிவில் அப்பா என்று வரும் இடமெல்லாம் என் பாட்டனார்தான்.

விஷயம் என்னவென்றால், போன கார்த்திகையில் நான் ஒரு துவக்குப் பிடிக்கு எண்ணெய் பூசிக் கொடுத்தேன்.

பயப்படாதீர்கள். துவக்கு என் வீட்டுக்கு வரவில்லை. பிடி மட்டும்தான் வந்தது. தோளில் சாத்தும் அந்த மரப்பகுதியை ஓர் ஆணியைத் திருகிக் கழற்றினால் தனியாக வந்துவிடும். குழலும் விசையும் ஐயாவின் வீட்டிலேயே பூட்டியிருந்தன. அவரிடம் இருப்பது வயல் காவலுக்கான லைசன்ஸ் துவக்கு. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக் கட்டளைச் சட்டப்படி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. நம் பக்கத்தில் கச்சான் போட்டவர்களுக்கு அதன் தேவை தெரியும். ஓர் இரவு பன்றிக்கூட்டம் இறங்கினால் விடிய வெறும் கிளறிய மண்தான் மிஞ்சும். ஐயா பெரும்பாலும் ஆகாயத்துக்குத்தான் வெடி வைப்பார். "சத்தத்துக்குப் போற பண்டியை ஏன் சுடுவான், தோட்டா விக்கிற விலைக்கு" என்பார்.

அவர் என்னிடம் வந்த கதை இது. மதரசாப் பிள்ளைகளுக்காகப் புது ரிஹால்கள் இருபது செய்வித்திருந்தோம். குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மரத்தாங்கிகள். தச்சர் அறுத்துப் பொருத்தித் தந்துவிட்டார். மினுக்கும் வேலையை நான் பொறுப்பெடுத்தேன். வீட்டு விறாந்தையில் சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். றோட்டால் சைக்கிளில் போன ஐயா படலையடியில் இறங்கி நின்றார்.

"உதென்ன மணம், மாஸ்டர்?"

"லின்சீட் ஒயில் ஐயா. மரத்துக்குப் பூசுறது."

"அதோட வேற ஏதோ கிடக்கு."

"தேன்மெழுகு."

அவர் உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை ஒரு யூரியாப் பையில் அந்தப் பிடியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "வார்னிஷ் உரிஞ்சு கையில குத்துது. கச்சான் காய் பிடிக்க முன்னம் செய்து தருவியளோ?"

எனக்கு முன்னால் உம்மாதான் அதைக் கண்டார். பையிலிருந்து வெளியே வந்தது என்ன என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஐயாவிடம் சிரித்துக் கதைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "மகன், அது ஊட்டுக்குள்ள வரக்கூடாது. விறாந்தையோட நிக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வாப்பாவின் இடது தோள் இன்றைக்கும் முழுதாக உயராது. துவக்குக் குண்டினால் அல்ல, துவக்குப் பிடியினால் வந்தது அது. எங்கே, எப்போது, யார் என்பது இந்தப் பதிவுக்கு வேண்டாம். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அப்படியொரு கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். துவக்கின் முன்பக்கத்தைப் பார்த்துப் பயந்தவர்களை விட, அதன் பின்பக்கத்தால் அடி வாங்கியவர்கள்தான் நம் ஊரில் அதிகமோ என்று சில நேரம் நினைப்பேன்.

ஆனால் எங்கள் அப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்தது.

அறுபதுகளில் லைசன்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துவக்கு. வயலுக்கும் கச்சான் தோட்டத்துக்கும் காவல். எண்பதுகளின் நடுவில் அது கையை விட்டுப் போய்விட்டது. எப்படிப் போனது என்று அப்பா விரிவாகச் சொன்னதில்லை. 1990 ஒக்டோபரில் ஊரே வெளியேறியபோது வீடும் வயலும் மாடுகளும் போயின. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்தக் கிழமைகளில் வெளியேற்றப்பட்டார்கள் என்று புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஒன்பது பேர், இரண்டு பைகள்.

நான் பிறந்தது அதற்குப் பிறகு, புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். எனக்குத் தெரிந்த அப்பா துவக்கும் வயலும் இல்லாத அப்பா. கூலிக்கு வெங்காயத் தோட்டங்களில் கொத்தப் போவார். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு சின்னத் தகரப் பேணியை எடுப்பார். அதில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து வைத்திருப்பார். மண்வெட்டிப் பிடி, கைக்கோடாலிப் பிடி, தன் கைத்தடி, ரிஹால் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து உள்ளங்கையால் தேய்ப்பார். துணியால் பூசுவார், கையால் தேய்ப்பார். கை சூடேறும் வரைக்கும் தேய்க்க வேண்டும் என்பார். "துவக்குக்குச் செஞ்சது. துவக்கு போச்சு, கை பழகிப் போச்சு."

முடிந்ததும் அந்தத் துணித் துண்டுகளைச் சுருட்டி எறிய மாட்டார். ஒவ்வொன்றாக விரித்து வேலிக்கம்பியில் காயப்போடுவார். சின்ன வயதில் அது ஏதோ ஒரு சடங்கு என்றே நினைத்திருந்தேன். கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது.

தேங்காய் எண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் காயாத எண்ணெய்கள். மரத்தில் பூசினால் அப்படியே எண்ணெயாகவே இருக்கும். தூசி பிடிக்கும், கொஞ்ச நாளில் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய் வேறு இனம். அது காற்றிலிருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, மரநார்களுக்கு உள்ளேயே திண்மமாகிவிடும். இரசாயனவியலில் இதைப் பல்பகுதியாக்கம் என்கிறோம். எந்த எண்ணெய் காயும், எது காயாது என்பதை அளக்க அயடீன் எண் என்று ஓர் அளவு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அது 10 அளவில் நிற்கும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170ஐத் தாண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் நிறங்களைக் குழைத்ததும் இதே எண்ணெயில்தான். சீனாவின் டங் எண்ணெயும், வால்நட் கொட்டை எண்ணெயும் இந்த வகைதான்.

அப்படி ஒட்சிசனை எடுக்கும்போது வெப்பம் வெளிவரும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி மூலையில் எறிந்த துணியில் சூடு உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். கிடுகுக் கொட்டில்கள் தோளோடு தோள் ஒட்டி நின்ற முகாமில் அப்பா ஏன் ஒவ்வொரு துணியையும் வேலியில் விரித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவருக்கு இரசாயனவியல் தெரியாது. ஆனால் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. நீங்கள் யாராவது இந்த வேலை செய்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

இனி ஐயாவின் துவக்குப் பிடிக்கு வருவோம்.

மரம் வால்நட். நம் முதிரையும் பாலையும் அதை விட உறுதியானவைதான். ஆனால் பாரம் கூட. துவக்குப் பிடிக்கு வேண்டியது வேறு குணம். வெடி தீரும்போது வரும் உதைப்பைத் தாங்க வேண்டும், வெடிக்கக் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் முறுகக் கூடாது. நாள் முழுக்கத் தூக்கினால் தோள் நோகக் கூடாது. இதெல்லாம் சேர்ந்து வால்நட்டில் இருப்பதால்தான் மேற்கு நாடுகளில் நூற்றாண்டுகளாக அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயையும் அது நன்றாகக் குடிக்கும். லண்டன் துவக்குக் கம்மாலைகளில் அல்கனெட் என்ற செடியின் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறப்போட்டு, அந்தச் சிவந்த எண்ணெயை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள். பிரித்தானியப் படையின் .303 றைபிள்களுக்கும் ஆளிவிதை எண்ணெய்தான். ஒரு காலத்தில் நம் நாட்டுப் பொலிஸாரின் கையில் இருந்ததும் அதே .303தான்.

ஐயாவின் பிடிக்கு யாரோ தளபாட வார்னிஷை மூன்று நான்கு கை அடித்திருந்தார்கள். வார்னிஷ் மரத்துக்கு மேலே தோல் மாதிரி நிற்கும். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் போதும், மழைத்தண்ணீர் அந்தக் கீறலால் இறங்கித் தோலுக்குக் கீழே தங்கும். மேலே மினுமினுப்பு, கீழே ஈரம். இதுவும் அப்படித்தான் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உரிந்திருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. இரும்போடு பொருந்தும் தலைப்பகுதி கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. துவக்கின் இரும்புக்குப் போடும் எண்ணெய் வருடக்கணக்கில் கீழே வடிந்து மரத்துக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகும். அது கனிய எண்ணெய், ஒருநாளும் காயாது, மரத்தை மெல்ல இளக்கிவிடும். துவக்கு வைத்திருப்பவர்கள் அதை வாய் கீழே பார்க்கச் சாத்தி வைப்பது நல்லது என்பதற்கு இதுதான் காரணம். அப்பாவும் அப்படித்தான் வைப்பாராம். மூலையில் தலைகீழாக நிற்கும் துவக்கைப் பார்த்துத்தான் வளர்ந்தேன் என்று வாப்பா சொல்வார்.

அந்தக் கறுப்பை எடுக்க என் தொழில் கைகொடுத்தது. வகுப்பில் மிஞ்சிய வெண்கட்டித் துண்டுகளைப் பொடியாக்கி, தின்னரில் குழைத்துக் களிபோலப் பூசி வெயிலில் வைத்தேன். காயக் காய வெண்கட்டித்தூள் பழைய எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகி, பிறகு தவிட்டு நிறமாகும். தட்டிவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ஐந்து தரம் செய்தேன். முழுக்கப் போகவில்லை, ஆனால் மரம் பழைய உறுதிக்கு வந்தது.

வார்னிஷை உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினேன். கைப்பிடியில் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கும் இடத்தில் கண்ணாடியும் படக்கூடாது, அரத்தாளும் படக்கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்தான் அதற்கு. அடிபட்டுப் பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத்துணியை வைத்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். நீராவி உள்ளே போனதும் நசுங்கிய நார் ஊதி மேலே வரும். பிறகு அரத்தாள், 120இல் தொடங்கி 180, 240, 320 வரை. ஒவ்வொரு முறையும் மரத்தை நனைத்துக் காயவிட வேண்டும். எழும்பி நிற்கும் மயிர் போன்ற நார்களைத் தேய்த்து எடுக்க வேண்டும். நனைத்தும் இனி எழும்பாது என்ற நிலை வந்தால்தான் எண்ணெய்க்கு நேரம்.

இரண்டாம் நாள் உம்மா விறாந்தைக் கதவடியில் நின்று கேட்டார்: "மகன், அந்த எண்ணெயில பண்டிக் கொழுப்பு ஏதும் சேர்க்கிறவங்களா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கேட்டதும் இதுவேதான். என்ஃபீல்டு றைபிளின் தோட்டா உறையில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறது என்ற பேச்சு பரவி, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகக் கொதித்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்து நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் பார்த்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. போன நம்பிக்கையை மெழுகு பூசி ஒட்ட முடியவில்லை.

"இல்ல உம்மா. விதை எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும்தான். அப்பா ரிஹாலுக்குப் பூசினதுதான் இதுவும்" என்றேன்.

"தெரியும். மணத்துல தெரியுது" என்றுவிட்டு உள்ளே போனார்.

எண்ணெய் பூசுவதில் எல்லாரும் விடும் பிழை ஒன்றுதான், அவசரம். தடிப்பாகப் பூசினால் மேல்பகுதி மட்டும் காய்ந்து, கீழே பசை மாதிரி நின்றுவிடும். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டேர்பன்டைனும் பாதிப் பாதி. மரம் குடிக்கிறவரை கொடுத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் மேலே நிற்பதை எல்லாம் துடைத்து எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு நாள் காயவிட வேண்டும். மழைநாளென்றால் இரண்டு மூன்று நாள். அதற்குப் பிறகுதான் அடுத்த பூச்சு. இப்படி எட்டுப் பத்துப் பூச்சு. துடைத்து எடுப்பதுதான் வேலை, பூசுவது வேலையே இல்லை என்று அப்பா சொல்வார்.

கடையில் கொதித்த லின்சீட் என்று விற்பதில் விரைவாகக் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் என்றால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் கொதித்ததைத்தான் பாவித்தேன். தேன்மெழுகு காட்டுத்தேன் எடுக்கும் ஒரு தம்பியிடம் வாங்கியது. வதையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் மெழுகு மேலே மிதந்து உறையும். சுமார் 63 பாகை செல்சியஸில் உருகிவிடும். டேர்பன்டைன் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் பேணியை வைத்துத்தான் கலக்க வேண்டும்.

நாலாம் பூச்சன்று பின்னேரம் ஐயா வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். சாக்கின் ஓரத்தில் குந்தினார். நான் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கட பேரன் காக்காவும் இப்பிடித்தான். உள்ளங்கையால."

"அப்பாவைத் தெரியுமா ஐயா உங்களுக்கு?"

"தெரியுமோவோ. பக்கத்து வயல். நான் பெடியன். துவக்குத் துடைக்கேக்க பக்கத்தில குந்திக் கிடப்பன். காக்கா பண்டி சுட்டா, தான் தொடமாட்டார். எங்கட வீட்டுப் பக்கம் சத்தம் வைப்பார், நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வருவம்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "எங்க அடக்கம்?"

"புத்தளத்தில. 2004. ஊருக்கு வரக் கிடைக்கேல்ல."

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு நான் வீட்டுக்குள்ளதான் இருந்தனான், மாஸ்டர். நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்ட அண்டைக்கு. கதவைச் சாத்திப்போட்டு மனிசியும் நானும் உள்ளுக்க. காக்கா படலையில வந்து நிண்டு கூப்பிட்டவர். ரெண்டு தரம். பேர் சொல்லிக் கூப்பிட்டவர். நான் போகேல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பயம் எண்டும் சொல்லலாம். பயம் மட்டும் இல்ல. முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்லுறது? சத்தம் அடங்கினாப் பிறகு போய்ப் பார்த்தன். படலையில மண்வெட்டி சாத்திக் கிடந்தது. காக்காவின்ர மண்வெட்டி. அதைத் தரத்தான் கூப்பிட்டிருக்கிறார். பிடியில உந்த மணம்தான். அதை வைச்சுத்தான் நான் பத்தொன்பது வருசம் கொத்தினது. கடைசியா மாத்தளனில விட்டிட்டு வந்தனான், மற்றதுகளோட."

பத்தொன்பது வருடம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கணக்குப் பிடிபட்டது. 1990இல் நாங்கள் போனோம். 2009இல் அவர்கள் போனார்கள். நாங்கள் இரண்டு பைகளோடு போனோம். அவர்கள் அதுவும் இல்லாமல் போனார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. ஆனால் வேறு மாதிரி. போகிற அன்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு வரப் போனதாக அப்பா சொல்வார். "அவன் ஊட்டுல இல்ல. இருந்தா வந்திருப்பான்" என்று முடிப்பார். முகாமில் யாராவது ஊரைப் பற்றிக் கசப்பாகப் பேசும்போதெல்லாம் அப்பா இதைச் சொன்னதை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். இருந்தா வந்திருப்பான். மண்வெட்டியைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

இதை ஐயாவிடம் சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் ஆறுதலா, இன்னொரு அடியா? ஆசிரியர் வேலையில் பிள்ளைகளுக்கு எத்தனையோ பதில் சொல்கிறோம். இந்த ஒன்றுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நீங்க வீட்டில இல்லையெண்டுதான் அப்பா சொன்னவர், ஐயா. கடைசி வரைக்கும் அப்பிடித்தான் சொன்னவர்."

ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கட வீட்டுக் கிணத்தடியில அடுப்புப் புகைஞ்சுகொண்டு நிண்டது" என்றார். "காக்காவுக்குக் கண் நல்லாத் தெரியும்."

அதற்கு மேல் இரண்டு பேரும் கதைக்கவில்லை. மழை தூறத் தொடங்க அவர் எழும்பிப் போனார்.

நான் திரும்பிப் பார்த்தபோது நேரம் போய்விட்டிருந்தது. துடைக்க மறந்த எண்ணெய் முக்கால் மணித்தியாலமாக மரத்தில் நின்று பசையாகிவிட்டது. தொட்டால் கை ஒட்டியது. அந்தப் பூச்சை டேர்பன்டைன் போட்டு முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. மூன்று நாள் வேலை வீண்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றிரவு எனக்கு ஐயாமேல் கோபமும் வந்தது. இரண்டு தரம் கூப்பிட்டார் என்ற சொல் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கதவைத் திறந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது. நாங்கள் போயே இருப்போம். ஆனால் அப்பா போகும்போது ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். மறுபக்கம், அந்தக் கதவுக்குள் நான் இருந்திருந்தால் திறந்திருப்பேனா? அதற்கும் என்னால் மார்தட்டிப் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஐயா பாவிக்கவில்லை. நானும் பாவிக்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் புத்தளத்து மண்ணில் இருக்கிறார். ஒருவேளை அவர் தன் பாட்டுக்கு அதைச் செய்து முடித்துவிட்டாரோ என்னவோ. புகையைக் கண்டும் ஆள் இல்லை என்று சொல்வதற்கு வேறு என்ன பெயர்?

அந்தக் கிழமை மழை விடவே இல்லை. விறாந்தையில் சாரல் அடித்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் சாக்கும் இல்லை, பிடியும் இல்லை. திடுக்கிட்டு உள்ளே ஓடினேன். மண்டபத்தின் உள்மூலையில், அப்பாவின் பழைய ரிஹால் வைத்திருக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில், காய்ந்த துவாய் ஒன்றை விரித்து அதன்மேல் படுத்திருந்தது. உம்மா குசினியில் வேலையாக இருந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நனைஞ்சா திரும்ப வெளுத்துப் போகுமில்லையா. காயட்டும்."

பத்தாம் பூச்சு காய்ந்த பிறகு மெழுகு போட்டேன். கையால் சூடேறத் தேய்த்து, பழைய பருத்திச் சாரத்தால் மினுக்கினேன். வார்னிஷ் மாதிரி முகம் தெரியும் பளபளப்பு வராது. உள்ளிருந்து வரும் மங்கலான ஒரு மினுக்கம்தான். கையில் எடுத்தால் மரம் என்று தெரியும். நாளைக்குக் கீறல் விழுந்தாலும் முழுதையும் சுரண்ட வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய் போதும்.

ஆனால் இந்த எண்ணெய் வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. மரவேலைக்காரர் மத்தியில் உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு: ஒரு கிழமைக்குத் தினமும், ஒரு மாதத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம், ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு தரம், பிறகு ஆயுள் வரைக்கும் வருடத்துக்கு ஒரு தரம். இதை ஐயாவிடம் சொன்னேன்.

பிடியை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் பார்க்கவில்லை, மணந்துதான் பார்த்தார். "எவ்வளவு மாஸ்டர்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அப்ப வருசக் கடைசியில லைசன்ஸ் புதுப்பிக்கப் போகேக்க கொண்டு வாறன். ஒவ்வொரு வருசமும்" என்றார். கச்சான் கிண்டியதும் ஒரு சாக்குக் கச்சான் வந்து இறங்கியது. உம்மா அதில் பாதியை அவித்து மதரசாப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அதோடு நான் ஒரு மண்வெட்டி வாங்கினேன். முதிரைப் பிடி. எண்ணெய் அதற்குள் அவ்வளவாக இறங்காது, பூச்சுக்குப் பூச்சு நாள் கூட எடுக்கும். இப்போது ஐந்தாம் பூச்சில் நிற்கிறது. முடிந்ததும் ஒரு பின்னேரம் எடுத்துக்கொண்டு போய் ஐயாவின் படலையில் நின்று கூப்பிட வேண்டும் என்றிருக்கிறேன்.

அப்பாவின் மறுமைக்காக எல்லாரும் துஆச் செய்யுங்கள். ஐயாவின் உடல்நலத்துக்காகவும்.